ஓடும் விசிறியும் ஓடாத காற்றும்

குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புன்னகை செய்யக்கூடும். கதையும் கவிதையும் கோயில் வரலாறும் வெளிவரும் இப்பக்கங்களில் இதற்கென்ன வேலை என்றும் கேட்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருப்போம். 2023-ஆம் ஆண்டு தீபாவளியன்று விடியற்காலையில் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு காரியம் அந்த எண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. அதைச் சங்கத்து நண்பர்கள் நால்வரிடம் சொன்னோம். நால்வரும் உடனே தத்தம் வீட்டு விசிறியைப் பற்றி ஆளுக்கொரு குறை சொல்லத் தொடங்கினார்கள். ஆகவே எழுதத் துணிந்தோம்.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா. தகப்பனார் காலமான பின் குடும்பத்துக்கென்று கிடைத்த உத்தியோகம் அது. படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மின்சார சாஸ்திரமும் ரசாயன சாஸ்திரமும் நாம் முறையாகக் கற்றவை அல்ல. கீழே எழுதுவனவெல்லாம் நாம் பட்டு அறிந்தவையும், மிஸ்திரியிடமும் டாக்டரிடமும் கேட்டுத் தெளிந்தவையுமே.

ரயில்வே குடியிருப்புக்கு மனுப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருக்கும் நாம், தில்லியில் ஒரு நான்கு மாடிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். குளியலறை ஐந்தடி அகலம், ஏழடி நீளம், எட்டரை அடி உயரம். வெளிச்சுவர் கிடையாது. கட்டிடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை கிணறுபோல் இறங்கும் ஒரு காற்றுக் குழி உண்டல்லவா? தில்லியில் அதை ஷாஃப்ட் என்பார்கள்; மும்பையில் இருப்பவர்கள் டக்ட் என்பார்கள். அந்தக் குழியை நோக்கி ஒரு சிறு ஜன்னலும், ஜன்னலுக்கு மேலே ஆறங்குல எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றும் இருந்தன. விசிறிக்குப் பக்கத்துச் சுவரில் எரிவாயு கீஸர். நாம் குடிவந்தபோதே மாட்டியிருந்தது. மின்சாரக் கீஸரைவிடச் செலவு குறைவு, கரண்ட் போனாலும் வெந்நீர் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் அதைப் பெருமையாகக் காட்டினார். நாமும் மகிழ்ந்தோம்.

ஊரில் நமக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. கும்பகோணத்து வீட்டில் கிணற்றடியில்தான் ஸ்நானம். கொல்லையில் செங்கல் அடுப்பு மூட்டித் தாமிரத் தவலையில் வெந்நீர் காயும். புகை அதன் போக்கில் தென்னை மரத்துக்கு மேலே போய்விடும். காற்றைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கு ஒரு யந்திரம் வேண்டும் என்பது நம் பாட்டனார் கனவிலும் கண்டிராத சங்கதி.

நிற்க. அந்த விசிறி சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு ஆறு மாதமாகவே அடையாளங்கள் இருந்தன. குளித்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் கண்ணாடியில் ஆவி மறைவதில்லை. கொடியில் போட்ட துண்டு மாலை வரை ஈரம். மேல்தளத்து மூலையில் கருப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவின. பினாயில் போட்டுத் துடைத்தால் பத்து நாளில் மறுபடியும் வந்துவிடும். கீஸருக்கு மேலே சுவரில் மெல்லிய கரிப்படலம் ஒன்று இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விசிறியின் பொத்தானைப் போட்டால் ‘கொர்’ரென்று சத்தம் கேட்கும், அத்தனை சத்தம் போடும் யந்திரம் வேலை செய்துகொண்டுதான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டோம். நம் காரியாலயத்திலும் இவ்வகை மனிதர்கள் உண்டு. அவர்களை நம்பி ஏமாந்தது போதாதென்று விசிறியிடமும் ஏமாந்தோம்.

நம் இல்லாள் இரண்டு தடவை சொல்லித்தான் பார்த்தாள். மின்சார மிஸ்திரியை அழைத்தோம். அவர் ஏறிப் பார்த்தார், ‘பழசாகிவிட்டது’ என்றார், ஆயிரத்து முந்நூறு ரூபாயில் புது விசிறி வந்தது. சத்தம் குறைந்தது. ஆவி குறையவில்லை. புது விசிறிதானே, இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டோம். இதில் குற்றம் மிஸ்திரியுடையது மாத்திரமன்று. விசிறியை மாற்றுங்கள் என்று நாம் சொன்னோம், அவர் மாற்றினார். காற்று ஏன் போகவில்லை என்று நாமும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

தீபாவளி விடியல்

அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நவம்பர் மாதத் தில்லியின் காற்று எத்தகையது என்பதை இங்கே குடியிருக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புகைக்கும் குளிருக்கும் அஞ்சிக் குளியலறைச் சிறு ஜன்னலை அடைத்து, இடுக்குகளில் காகிதமும் திணித்திருந்தோம். கதவுக்கு அடியில் குளிர்காற்று வருகிறதென்று பழைய சேலை ஒன்றைச் சுருட்டி அணை கட்டியிருந்தது வேறு.

நாலரை மணிக்கு எண்ணெய் வைத்தாயிற்று. முதலில் தாயார் குளித்தார்கள். பிறகு பையன். பிறகு நாம். எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பதென்றால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். கீஸர் அவ்வளவு நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். பையன் வெளியே வந்து தலை கனக்கிறது என்றான். விடியற்காலையில் எழுந்ததனால் என்றோம். நமக்கும் நெற்றிப் பொட்டில் வலி இருந்தது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்தோம். நான்காவதாக நம் பெண் போனாள். பன்னிரண்டு வயது. உள்ளே தாழிட்டுக்கொண்டாள்.

பட்டுப் பாவாடையை எடுத்துக்கொண்டு போய் நம் இல்லாள் கதவைத் தட்டினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பதில் இல்லை. மறுபடி தட்டினாள். தாயார், “தோளால இடிப்பா, யோசிக்காதே” என்றார்கள். மூன்றாவது இடியில் தாழ் பெயர்ந்தது. குழந்தை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, நம்மை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. தலைக்கு மேலே புது விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு ‘அம்மா’ என்றாள். சத்தம் கேட்டு வந்த அண்டை வீட்டு அம்மையார், கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவியைக் கொண்டுவந்து மாட்டினார். 98 என்று காட்டியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. பித்த மயக்கம், இஞ்சிச் சாறு கொடுக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். நாமும் அரை மனதாக இறங்கி வரத் தொடங்கினோம். கீழ்வீட்டில் குடியிருக்கும் மருத்துவமனை நர்ஸ் ஒருவர் மாத்திரம், “வீட்டில் எரிவாயு கீஸரா?” என்று கேட்டார். ஆம் என்றதும், “அந்தக் கருவியைக் கழற்றி எறியுங்கள், வண்டியைக் கூப்பிடுங்கள்” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தை மருத்துவமனையில் டாக்டர் விளக்கினார். இதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்துகொள்ள வேண்டும். எரிவாயு எரியும்போது போதிய காற்று இல்லாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது, பிராணவாயுவைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலும் ரத்தத்தில் மெல்ல மெல்ல இடம் பிடித்துவிடும். விரல் கருவி ஒளியைக் கொண்டு ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறது. பிராணவாயு ஏறிய ரத்தமும் இந்த விஷம் ஏறிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். அதனால்தான் 98 காட்டியது. ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும். சும்மா வெளிக்காற்றைச் சுவாசித்தால் ஏறிய விஷத்தில் பாதி இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே சுத்தப் பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் பாதி இறங்கும். குழந்தைக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். மறுநாள் மாலை வீடு திரும்பினாள். பையனையும் நம்மையும்கூடப் பரிசோதித்து அனுப்பினார்கள். பட்டுப் பாவாடையைக் கார்த்திகைக்குத்தான் உடுத்தினாள்.

காகிதத் துண்டின் சாட்சியம்

வீடு திரும்பியதும் கீஸரின் குழாயை மூடிவிட்டு, விசிறியை விசாரிக்க உட்கார்ந்தோம். புது விசிறி, மின்சாரம் வருகிறது, இறக்கை சுழல்கிறது. பிறகு ஏன் காற்று வெளியே போகவில்லை?

இதற்கு ஒரு பரீட்சை உண்டு. காசு செலவில்லை. நாளிதழில் கால் தாளைக் கிழித்துக்கொண்டு, கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, அதன் வலையருகே தாளைப் பிடிக்க வேண்டும். விசிறி இழுத்தால் தாள் வலையில் ஒட்டிக்கொண்டு கையை விட்டாலும் நிற்கும். நம் வீட்டில் தாள் சற்றே நடுங்கிவிட்டுக் கீழே விழுந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே இந்தத் தாளைப் பிடித்துப் பார்த்திருந்தால்! அந்த நினைப்பு இன்றும் தூக்கத்தில் வருகிறது.

பிறகு கதவை நாலங்குலம் திறந்து வைத்து மறுபடி தாளைப் பிடித்தோம். இப்போது கொஞ்சம் பலமாக நடுங்கியது, ஒட்டவில்லை. இந்த இரண்டு விடைகளிலிருந்தே பாதி நோய் விளங்கிவிடும். கதவைத் திறந்தால் நிலைமை தேறுகிறதென்றால், அறைக்குள் புதுக்காற்று நுழைய வழியில்லை என்று பொருள். விசிறி காற்றைப் படைப்பதில்லை. ஒரு பக்கம் வந்தால்தான் மறு பக்கம் தள்ள முடியும். மூடிய புட்டியிலிருந்து வாயால் காற்றை உறிஞ்சிப் பார்த்தால் தெரியும். சேலை அணையை எடுத்தோம். கதவின் அடியை ஆசாரியைக்கொண்டு முக்கால் அங்குலம் அறுத்தோம். கதவடியில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துப் பார்த்தால் புகை உள்நோக்கிச் சாய வேண்டும். சாயாவிட்டால் காற்று வரவில்லை. (எரிவாயு நாற்றம் துளியேனும் இருந்தால் ஊதுபத்தியைத் தொடலாகாது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.)

கதவு முழுதும் திறந்திருந்தும் தாள் ஒட்டவில்லையென்றால், தடை வெளிப்புறத்தில் இருக்கிறது. ஏணி வாங்கிவந்து, மெயினை அணைத்து, விசிறியைக் கழற்றி, கையில் விளக்குடன் தலையை நீட்டினோம். விசிறிக்கு வெளியே காற்றின் வேகத்தில் தானே தூக்கிக்கொண்டு திறக்கும் பட்டைகள் உண்டு, ஷட்டர் என்பார்கள். தீபாவளிக்கு முந்திய வெள்ளையடிப்பில் குழிக்குள் சாரம் கட்டி வர்ணம் பூசியவர், அந்தப் பட்டைகளின் மேலும் தாராளமாகப் பூசிவிட்டார். மூன்று பட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. மூடிய ஜன்னலை நோக்கித்தான் அத்தனை நாளும் அந்தப் புது விசிறி காற்றை அடித்துக்கொண்டிருந்தது!

ஆனால் வெள்ளையடிப்பு அக்டோபரில். ஆவி தங்கியதோ மே மாதத்திலிருந்து. ஆகவே வேறொன்றும் இருக்க வேண்டும். கழுத்தை வளைத்து மேலே பார்த்தோம். மழை நீர் இறங்குகிறதென்று மேல்மாடிக்காரர் குழியின் வாயை நெகிழித் தகட்டால் மூடியிருந்தார். சுற்றிலும் இரண்டங்குல இடைவெளி விட்டிருந்ததாக அவர் பின்னால் சொன்னார், உண்மைதான். அந்த இடைவெளியில் புறாக்கள் குச்சியும் இறகும் கொண்டுவந்து அடைத்துவிட்டன. தில்லிப் புறாக்களுக்கு நாம் கடலையும் சோளமும் போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறோம்; அவை கைம்மாறு செய்யும் விதம் இது.

குழியின் வாய் மூடியிருந்தால் எட்டு வீட்டுக் குளியலறைக் காற்றும் எட்டு வீட்டுச் சமையல் ஆவியும் போக்கிடமின்றி உள்ளேயே நிற்கும். எந்த வீட்டு விசிறி பலமுள்ளதோ அது தன் காற்றை அடுத்த வீட்டுக்குள் தள்ளும். பகலில் நம் குளியலறையில் கடுகெண்ணெய் தாளிக்கும் வாசனை வருவதேன் என்று நம் இல்லாள் பலமுறை கேட்டதுண்டு. கேள்விக்கு விடை குழிக்குள் இருந்தது. கடுகெண்ணெய் வாசனை வரும் வழியாக அடுத்த வீட்டுக் கீஸரின் கழிவு வாயுவும் வரலாம் என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தோம். எட்டு வீட்டாரும் கூடிப் பேசி, தகட்டை ஓரடி உயரத்துக்குக் கால் கொடுத்துத் தூக்கி, நாற்புறமும் கம்பி வலை அடித்தார்கள். மழையும் இறங்குவதில்லை, புறாவும் நுழைவதில்லை. மண்ணெண்ணெய் தடவிச் சுரண்டியும் நம் ஷட்டர் திறக்கவில்லை, புதிது வாங்கினோம். இத்தனையும் முடிந்தபின் தாள் ‘பட்’டென்று வலையில் ஒட்டிக்கொண்டது.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பொத்தானைப் போட்டும் சத்தமே இல்லையென்றால் எம்.சி.பி., பொத்தான், இணைப்புக் கம்பி இவற்றைப் பார்க்க வேண்டும். ஈரத்தில் செம்பு பச்சை பூத்துத் தொடர்பு அறுந்துபோவது குளியலறையில் சகஜம். ‘உம்’ என்று முனகல் மாத்திரம் கேட்டு இறக்கை சுழலாவிட்டால், மெயினை அணைத்துவிட்டுக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் அச்சு தாங்கும் புஷ் வறண்டோ அழுக்கேறியோ இருக்கிறது. தாராளமாகச் சுழன்றும் தானாகப் புறப்படவில்லையென்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். மிஸ்திரி பழையதன் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்கி மாற்றுவார். சில சிறு விசிறிகளில் கெபாசிட்டரே கிடையாது. அணைத்த பின்னும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால் நாமே கைவைப்பது நல்லதல்ல. புஷ்ஷுக்கு இரண்டு துளி யந்திர எண்ணெய் போதும். நம்மவர்களில் சிலர் வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்துவிடும். விசிறிக்குள் மாத்திரம் உருகி நிற்குமா?

இறக்கையில் தூசியும் தலைமுடியும் சீயக்காய்த் துகளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் படியும். நம் வீடுகளில் இது அதிகம். சோப்பு நீரில் இறக்கையையும் வலையையும் கழுவலாம். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது. திருப்பி மாட்டும்போது முன்பின் மாறிவிட்டால் விசிறி குழிக் காற்றை அறைக்குள் இழுக்கும். சட்டத்தில் அம்புக்குறி இருக்கும்; அது வெளியே பார்க்க வேண்டும்.

கீஸரின் கணக்கு

விசிறி சீரானது. இனிக் கீஸரைத் திறக்கலாமா என்றார் வீட்டுக்காரர். நாம் சரக்குக் கணக்கு எழுதிப் பழகியவர்களாதலால் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதை அப்படியே தருகிறோம்.

நம் குளியலறையின் கொள்ளளவு சுமார் 300 கன அடி. அதாவது ஏறக்குறைய எட்டரைக் கன மீட்டர். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கீஸர், முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் ஒரு கிலோ சமையல் எரிவாயுவைத் தின்னும். ஒரு கிலோ எரிவாயு சரிவர எரிவதற்கு ஏறக்குறைய பன்னிரண்டு கன மீட்டர் காற்று வேண்டும். ஒருவர் பன்னிரண்டு நிமிடம் குளித்தால் 200 கிராம். அதற்கு இரண்டரைக் கன மீட்டர் காற்று. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் பத்துக் கன மீட்டர். அறையில் இருப்பதே எட்டரை! கதவு திறந்து மூடும்போதெல்லாம் கொஞ்சம் புதுக்காற்று நுழைந்ததால்தான் நாங்கள் மூவரும் தலைவலியோடு தப்பினோம். நான்காவதாகப் போனவளுக்கு மிஞ்சியது நாங்கள் விட்டுச்சென்ற காற்று. காற்றில் பிராணவாயு குறையக் குறையச் சுடர் நீல நிறம் மாறி மஞ்சளாகும், கரி படியும், விஷவாயு பெருகும். கீஸருக்கு மேலே சுவரில் படிந்திருந்த கரி எதைச் சொல்லிக்கொண்டிருந்ததென்று அப்போதுதான் புரிந்தது.

புது விசிறியின் பெட்டியில் மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் இழுக்கும் என்று போட்டிருந்தது. அத்தனை இழுத்தால் கவலையில்லையே என்று வீட்டுக்காரர் வாதித்தார். அது தடையில்லாத வெளியில் அளந்த எண். குழியும் ஷட்டரும் கதவிடுக்கும் அதில் பாதியைத் தின்றுவிடும் என்பது ஒரு பதில். கரண்ட் போனால் கீஸர் எரியும், விசிறி நிற்கும் என்பது இன்னொரு பதில். மூன்றாவது பதில் நமக்கே வியப்பாக இருந்தது. கழிவு வாயு போகக் குழாய் வைத்த கீஸர் உள்ள அறையில் பலமான விசிறி ஓடி, உள்ளே காற்று வரப் போதிய வழி இல்லாவிட்டால், விசிறி அந்தக் குழாய் வழியாகவே காற்றை இழுத்து, வெளியே போன விஷத்தை உள்ளே திருப்பிக்கொண்டு வந்துவிடும். ஆக, எரிவாயு கீஸருக்கு விசிறி ஒரு பரிகாரமே ஆகாது. கீஸர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர், “இருபது வருஷமாக ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லையே” என்றார். இங்கே குளிர்காலத்தில் பலர் தினமும் தலைக்கு ஊற்றிக்கொள்வதில்லை. ஒரே காலையில் நான்கு பேர் எண்ணெய் ஸ்நானம் செய்யும் குடும்பம் அவருக்கு முதன்முதலாக வாய்த்தது நாங்கள்தான். அதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். பேசிப் பேசிக் கடைசியில், குழாய்க்கும் சாமானுக்கும் மூவாயிரத்து அறுநூறு நாம் கொடுப்பது, கூலி அவர் கொடுப்பது என்று தீர்ந்தது. இப்போது கீஸர் பின்புறத்துத் திறந்த பால்கனியில் இருக்கிறது. வெந்நீர் குழாயில் ஓடிவரச் சற்று நேரமாகிறது. அந்தக் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். குளியலறைத் தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டோம். வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டு வந்திருக்கிறது.

எரிவாயுக் கசிவு வேறு விஷயம், இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மேலே இருக்கும் விசிறி அதை எடுக்காது. குழாய் வழி வரும் இயற்கை வாயு இலேசானது, மேலே ஏறும். எதுவாயினும் நாற்றம் தெரிந்தால் விசிறியைப் போடலாம் என்று பொத்தானில் கைவைத்துவிடக் கூடாது. பொத்தானின் தீப்பொறியே போதும். வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, சிலிண்டரானால் 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

குளிக்கும்போது தலைவலியோ கிறுகிறுப்போ குமட்டலோ வந்தால், ஒருவருக்கு வந்தாலும் சரி, உடனே வெளியே வந்து கீஸரை அணைக்க வேண்டும். மயங்கியவரை முதலில் திறந்த வெளிக்குத் தூக்க வேண்டும். இஞ்சிச் சாறு பிறகு. மருத்துவமனையில் ‘எரிவாயு கீஸர்’ என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் குழந்தை ஏன் மயங்கினாள் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று விசிறிக்குத் தாள் பரீட்சை நடக்கிறது. பெண்தான் ஏணியில் ஏறுகிறாள். தாள் ஒட்டினால் தேதி போட்டு அதைக் கதவின் பின்புறம் ஆணியில் குத்தி வைக்கிறாள். சென்ற ஜூலையில் ஒரு முறை தாள் விழுந்தது. பார்த்தால் ஷட்டரில் ஒரு குளவிக்கூடு.

தாயார் ஊருக்குத் திரும்பியபின் இந்தக் கதையைத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் நம் தம்பியும் புதுக் குளியலறை கட்டி, எரிவாயு கீஸர் வாங்கியிருக்கிறான். எங்கே மாட்டலாம் என்று கேட்டிருந்தான், பதில் எழுதினோம். கொல்லைப்புறத்து வெளிச்சுவரில், பழைய வெந்நீர் அடுப்பு இருந்த இடத்துக்கு நேர் மேலே மாட்டியதாகப் புகைப்படம் அனுப்பியிருக்கிறான். மழைக்கு மறைப்பு வைக்கவில்லை. அதை மாத்திரம் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்.